பாலி எயிட் பால் (1977): நானே செய்த எம்பியு போர்டு ஒரு காயிலை எரித்துவிட்டது. எங்கே தவறு?

எட்டாம்பந்து (எடிசன், நியூ ஜெர்சி)

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதையும் சொன்னால்தான் தவறு எங்கே என்று உங்களுக்குப் பிடிபடும்.

என்னிடம் இருப்பது பாலியின் எயிட் பால் பின்பால் மெஷின், 1977. மொத்தம் 20,230 மெஷின்கள் செய்தார்கள். ரிலேயும் ஸ்டெப்பரும் போய் மைக்ரோப்ராசஸர் வந்த தலைமுறையின் தொடக்கம் இது. ஒலி மட்டும் இன்னும் மாறவில்லை, உலோகப் பட்டையைக் காயில் (கரன்ட் பாய்ந்தால் ஒரு தண்டை இழுக்கும் கம்பிச் சுருள், சோலனாய்டு என்பதும் இதுதான்) தட்டி எழுப்பும் சைம்தான். எனக்கு அந்த மெஷினில் மிகவும் பிடித்தது அந்தச் சத்தம்.

ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் பல வருடம் கிடந்ததை வாங்கினேன். மெஷினின் தலைப்பெட்டியான பேக்பாக்ஸைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. மெஷினின் மூளையான எம்பியு போர்டில் (ஏஎஸ்-2518-17) இருக்கும் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, ரீசெட் பகுதியைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. 5101 மெமரியின் சாக்கெட் கையோடு வந்துவிட்டது. அதிக ஸ்கோரையும் கணக்குகளையும் மறக்காமல் இருக்கத்தான் அந்த பேட்டரியை வைத்தார்கள். கடைசியில் போர்டைத் தின்றதும் அதுதான்.

இந்த மெஷினுக்கு மாற்று போர்டு கிடைக்காமல் இல்லை. ஆல்டெக் செய்யும் அல்டிமேட் எம்பியு ஒன்றை வாங்கி, டிப் சுவிட்சில் எந்த ஆட்டம் என்று சொன்னால் பாலி மெஷின்களும் ஸ்டெர்ன் நிறுவனத்தின் பழைய மெஷின்களும் ஓடிவிடும், பேட்டரியும் வேண்டாம். ஆனால் எனக்கு அந்த போர்டு என்ன செய்கிறது என்று கை படப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. அதனால் நானே ஒன்று வரைந்தேன்.

மூலையில் ஒரு ராஸ்பெர்ரி பை பிக்கோ. அதில் 6800 ப்ராசஸரை மென்பொருளாக ஓடவிட்டு, மெஷினின் பழைய ரோம் நிரலையே அதன் மேல் ஓட்டுகிறேன். அசல் 6800 அரை மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் ஓடியது, பிக்கோ 133. வேகத்துக்குக் குறைவே இல்லை. பிக்கோவின் 3.3 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க 74எச்சிடி245. கால்கள் போதாததால் அவசரமில்லாத வெளியீடுகளை 595 (சில கால்களை வைத்தே பல வெளியீடு தரும் சிப்) வழியாகவும், சோலனாய்டு லைன்களை நேரடியாகவும் எடுத்தேன்.

மேசையில் எல்லாம் சரியாக ஓடியது. போன சனிக்கிழமை மெஷினில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு "டங்". அப்புறம் ஒன்றுமில்லை. டிஸ்ப்ளே வரவில்லை, எல்இடி மின்னவில்லை. நான் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் நிமிடம் இருக்கும், வார்னிஷ் கருகும் வாசனை வந்த பிறகுதான் ஆஃப் செய்தேன். ஒரு சைம் காயிலின் சுற்றுத்தாள் கருத்துவிட்டது. பக்கத்து நல்ல காயிலை அளந்தால் சுமார் 11 ஓம், இது 3 ஓம் காட்டுகிறது.

மேசையில் ஓடியது மெஷினில் ஏன் இப்படிச் செய்தது? இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

---

பழையசால்டர் (ஸ்கார்பரோ)

தம்பி, வீட்டில் எல்லாரும் சுகம்தானே? காயில் எரிந்த நேரத்தில் பக்கத்தில் நின்றீர்கள் என்பதே பெரிய விஷயம். ஆன் செய்துவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனவர்களின் மெஷின்களை நான் திருத்தியிருக்கிறேன்.

முதல் கேள்வி. பிளேஃபீல்டின் அடியில் சோலனாய்டு ஃபியூஸ் ஒன்று தனியாக இருக்கும். அதில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ இருக்க வேண்டும்.

இரண்டாவது, புதுக் காயில் போடுவதற்கு முன் அதை ஓட்டும் டிரான்சிஸ்டரை அளந்து பாருங்கள். காயிலுக்குள் இன்சுலேஷன் உருகி ஓம் குறையும்போது டிரான்சிஸ்டர் வழியாகக் கூடுதல் கரன்ட் போகும், அதுவும் ஷார்ட் ஆகிவிடும். அப்படியே புதுக் காயிலை மாட்டினால், போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆன் செய்த நொடியே அதுவும் எரியும். காயிலின் குறுக்கே இருக்கும் 1என்4004 டயோடையும் மாற்றிவிடுங்கள். பத்துக் காசு சாமான்.

---

எட்டாம்பந்து

ஐயா, வீட்டில் எல்லாரும் நலம். பார்த்தேன். 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் யாரோ போட்டிருக்கிறார். நான் போர்டு வரைய மூன்று மாதம் செலவழித்தேன், அந்த ஃபியூஸைக் கழற்றிப் படிக்க ஒரு நிமிடம் எடுக்கவில்லை.

கணக்குப் போட்டால் புரிகிறது. 43 வோல்ட்டை 11 ஓமால் வகுத்தால் கிட்டத்தட்ட 4 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் அதை அப்படியே விட்டிருக்கும். ஒரு சின்னச் சைம் காயிலில் 160 வாட்டுக்கு மேல்! 1 ஆம்பியராக இருந்திருந்தால் காயில் சூடாவதற்குள் போயிருக்கும்.

நீங்கள் சொன்ன டிரான்சிஸ்டரும் ஷார்ட்தான். சொல்லாமல் இருந்திருந்தால் இன்று இரண்டாவது காயிலும் போயிருக்கும். மிக்க நன்றி.

---

நாற்பதுகால் (சான் ஹோசே)

தம்பி, ஒரு கேள்வி. மேசையில் சோதித்தபோது லேப்டாப் யுஎஸ்பியில் மாட்டியிருந்ததா?

---

எட்டாம்பந்து

ஆமாம் அக்கா. என்ன நடக்கிறது என்று சீரியல் திரையில் பார்த்துக்கொண்டேதான் சோதித்தேன். மெஷினில் மாட்டும்போது லேப்டாப் இல்லை.

---

நாற்பதுகால்

அப்படியானால் உங்கள் நிரலின் முதல் வரிகளைப் பாருங்கள். "யுஎஸ்பி சீரியல் இணையும் வரை காத்திரு" என்று ஒரு லூப் இருக்கும். லேப்டாப் இருந்தால் அரை நொடியில் தாண்டிவிடும். இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும், எத்தனை மணி நேரமானாலும். உங்கள் 6800 பிறக்கவே இல்லை. அதனால்தான் எல்இடியும் மின்னவில்லை.

ஆனால் நிரல் நின்றதால் மட்டும் காயில் எரியாது. பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040 சிப், பவர் வந்தவுடன் எல்லாக் கால்களிலும் உள்ளே புல்-டவுன் (காலைத் தாழ்வுக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு, இழுக்கும் ரெசிஸ்டர்) போட்டுக்கொண்டுதான் விழிக்கும். நீங்கள் மாற்றிச் சொல்லும் வரை எல்லாக் கால்களும் தாழ்வு. அதை 245 அப்படியே பெருக்கி சோலனாய்டு போர்டுக்கு அனுப்புகிறது.

இப்போது பாலியின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சோலனாய்டு போர்டில் 4 லைனைப் 16 ஆக்கும் 74154 வகை டீகோடர் இருக்கிறது. எந்தக் காயிலும் வேண்டாம் என்றால் நான்கு லைனும் உயர்வாக இருக்க வேண்டும், அதாவது 15. நான்கும் தாழ்வு என்றால் 0, அது ஒரு நிஜக் காயில். உங்கள் போர்டு விழிக்காமல் நின்ற நேரம் முழுக்க "0ஆம் காயிலை அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

1977ல் பாலியின் எஞ்சினியர்கள் இதை ஏன் 15 என்று வைத்தார்கள் என்று யோசித்தால் அழகாக இருக்கும். ப்ராசஸருக்கும் வெளி லைன்களுக்கும் நடுவில் நிற்கும் 6820 பிஐஏ சிப் ரீசெட்டில் எல்லாக் கால்களையும் உள்ளீடாக்கிவிடும், எதையும் ஓட்டாது. டிடிஎல் (அந்தக் காலத்து 5 வோல்ட் லாஜிக் சிப் வகை) உள்ளீட்டை யாரும் ஓட்டாவிட்டால் அது உயர்வாகவே தன்னை எடுத்துக்கொள்ளும். ப்ராசஸர் செத்தாலும், ரோம் கழன்றாலும், ரீசெட்டில் சிக்கினாலும் லைன்கள் 15க்குப் போய்விடும். எதையும் கூடுதலாகச் சேர்க்காமல், சிப்பின் இயல்பை வைத்தே காயிலைக் காத்திருக்கிறார்கள்.

என் மெஷின் வில்லியம்ஸ் ஃபயர்பவர், 1980. வில்லியம்ஸ் வேறு வழியில் போனார்கள். பிளாங்கிங் என்று தனியே ஒரு சர்க்யூட். ப்ராசஸர் தொடர்ந்து துடிப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் காயில்கள் திறக்கும், துடிப்பு நின்றால் எல்லாம் மூடிவிடும். எந்த வழியானாலும், மாற்று போர்டு வரைகிற நாம் முதலில் படிக்க வேண்டியது பழைய போர்டு செத்துக் கிடக்கும்போது என்ன செய்கிறது என்பதைத்தான். ஆட்டம் ஓடுவதைப் பிறகு பார்க்கலாம்.

---

எட்டாம்பந்து

அக்கா, ஆஸிலோஸ்கோப்பில் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. யுஎஸ்பி காத்திருப்பு லூப் இருந்தது. நான்கு லைனும் தாழ்வு, அவற்றைத் தேர்வு செய்யும் லைனும் தாழ்வு.

நான்கு லைனிலும் 10 கிலோ ஓம் புல்-அப் போட்டு, 245இன் வெளியீட்டைத் தொடக்கத்தில் மூடி வைத்தால் போதுமா?

---

நாற்பதுகால்

போதும். ஆனால் நானாக இருந்தால் ஒரு படி மேலே போய், பிஐஏவையே வைத்துக்கொள்வேன். போர்டில் இரண்டு 6821 சாக்கெட் போடுங்கள் (6820க்குப் பதில் 6821 அப்படியே பொருந்தும்). பிக்கோ 6800 வேலையை மட்டும் செய்து, பஸ் வழியாக அந்த இரண்டோடு பேசட்டும். அப்போது கனெக்டரின் பக்கம் பார்க்கிற மெஷினுக்கு எதிரே இருப்பது அசல் சிப்தான். அதன் பலம், அதன் தயக்கம், ரீசெட்டில் அதன் நடத்தை எதையும் நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. 595களும் போய்விடும்.

பிஐஏவின் ரீசெட் காலைப் பிக்கோவில் கட்டுங்கள். அது தாழ்வாக இருந்தால் ரீசெட். பிக்கோ விழிக்காத வரை அதே புல்-டவுன் பிஐஏக்களைப் பிடித்து வைத்திருக்கும். போன வாரம் காயிலை எரித்த அதே குணம் இந்த வாரம் காவல் காக்கும்.

பழைய 6821 என்று விற்பதில் மேல் எழுத்தைச் சுரண்டி மறுபடி அச்சடித்தவை வருகின்றன, கவனம். டபிள்யூடிசி இன்றும் புதிதாகச் செய்யும் 65சி21 இருக்கிறது. பிஐஏவிலிருந்து பிக்கோவுக்குத் திரும்பி வரும் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், 74எல்விசி245 வழியாக இறக்குங்கள்.

---

சிலந்திப்பிடி (ஸ்டுட்கார்ட்)

இழையைப் படிக்கப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கு 6800, 6821 என்று கடையில் கேட்டு வாங்கக்கூடிய பெயர்கள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது காட்லீப் ஜீனி, 1979. சிஸ்டம் 1.

காட்லீப் 1977ல் க்ளியோபாட்ராவோடு எலக்ட்ரானிக்ஸுக்கு வந்தபோது ராக்வெல்லின் பிபிஎஸ்-4 குடும்பச் சிப்களை எடுத்தார்கள். கால்கள் முன்னும் பின்னுமாக விரிந்திருப்பதால் நாங்கள் சிலந்தி என்போம். ஆட்டத்தின் பொது நிரல் அந்தச் சிலந்திக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அந்த ஆட்டத்துக்கென்று உள்ள சின்னப் பகுதி மட்டும் தனி ப்ராமில். ஒரு சிலந்தி செத்தால் அதே வேலைக்கு வெளியில் வேறு சிப் கிடையாது. இன்னொரு காட்லீப் போர்டிலிருந்துதான் கழற்ற வேண்டும். அதாவது ஒரு மெஷின் பிழைக்க இன்னொன்று சாக வேண்டும்.

எங்களுக்கு மாற்று போர்டு ஆசைக்குச் செய்வதல்ல, அதில்லாமல் மெஷினே இல்லை. அமெரிக்காவில் நி-வும்ஃப் இருக்கிறது. இங்கே ஜெர்மனியிலிருந்து லிசி வந்தது: ஒரு ராஸ்பெர்ரி பை, அதன் மேல் பின்மேம் (பழைய பின்பால் நிரல்களை ஓட்டும் மென்பொருள்), அதிலிருந்து கனெக்டர்களுக்கு. நான் லிசி வைத்திருக்கிறேன். லினக்ஸ் எழும்பும் வரை காத்திருக்க வேண்டும், அது மட்டும்தான் பழைய மெஷினிலிருந்து வேறுபடும் இடம்.

சிஸ்டம் 1இல் ஒரு நல்ல விஷயம், பந்தைத் திருப்பி உதைக்கும் பாப் பம்பரும் ஸ்லிங்ஷாட்டும் ப்ராசஸரைக் கேட்பதில்லை. பந்து பட்டால் அங்கேயே சுவிட்ச் மூடிக் காயில் அடிக்கும், ப்ராசஸர் ஸ்கோரை மட்டும் எண்ணும். போர்டு வரைகிறவருக்கு அத்தனை காயில் பற்றிய கவலை குறைவு.

---

முதல்பந்து

எல்லாருக்கும் வணக்கம், நான் இந்தப் பக்கம் புதிது. மெஷின் இன்னும் வாங்கவில்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, பழைய போர்டைச் சுத்தம் செய்து ஓட வைக்கவே முடியாதா? எதற்குப் புதிது? இரண்டு, ஜீரோ கிராஸிங் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே, அது என்ன?

---

நாற்பதுகால்

இரண்டாவதற்கு நான். பாலியில் விளக்குகளை எரிய வைப்பது எஸ்சிஆர். லேம்ப் டிரைவர் போர்டில் 60 இருக்கும். எஸ்சிஆர் ஒரு முறை தட்டினால் பிடித்துக்கொள்ளும், கரன்ட் பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் விடும். அதனால் விளக்குக்கு வரும் டிசியை வேண்டுமென்றே வடிகட்டாமல் விட்டிருக்கிறார்கள். அது விநாடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொடும் (ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 100). ஒவ்வொரு முறையும் எல்லா விளக்கும் தானாக அணையும். ப்ராசஸர் அந்த நொடியை உணர்ந்து, எவை எரிய வேண்டுமோ அவற்றை மறுபடி தட்ட வேண்டும். அந்தத் தருணம்தான் ஜீரோ கிராஸிங். மாற்று போர்டு செய்கிறவர் அதைத் தவறவிட்டால் விளக்கு மங்கும் அல்லது நடுங்கும்.

---

பழையசால்டர்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் தம்பி. முடியும். பாலி போர்டு பெரும்பாலும் மீண்டு வரும். அதனால்தான் எட்டாம்பந்துவிடம் ஒரு வேண்டுகோள் வைக்க இருந்தேன்: புதுப் பலகையைச் செய்யுங்கள், சந்தோஷம். ஆனால் பழையதைக் கைவிடாதீர்கள்.

முதலில் பேட்டரியை வெட்டி எடுங்கள். இன்றைக்கே. கசிந்திருப்பது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. போர்டு அலமாரியில் தூங்கினாலும் அது தூங்காது. சால்டர் மாஸ்க்கின் அடியில் ட்ராக் வழியாக ஊர்ந்துகொண்டே போகும். பச்சை தெரியும் இடத்தோடு நிற்கிறது என்று நினைக்காதீர்கள், செம்பு சாம்பல் நிறமாகத் தெரியும் இடம்வரை போயிருக்கும். அந்த இடத்திலிருக்கும் சாமான்களைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் கலந்து தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் முடியுங்கள். சாம்பல் ட்ராக்கைச் செம்பு பளபளக்கும் வரை மெல்லிய தாளால் தேய்த்தால்தான் சால்டர் பிடிக்கும். பிறகு ரீசெட் பகுதியின் சாமான்கள், சாக்கெட்டுகள் புதிது.

அப்புறம் கனெக்டர். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. புது போர்டை வாங்கிப் பழைய கருகிய கனெக்டரில் செருகிவிட்டு, "போர்டு சரியில்லை" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம். நாற்பது வருடம் செருகி எடுத்த தகரத் துண்டில் பிடிப்பு எங்கே இருக்கும்? கம்பி வரும் ஹவுசிங் பக்கம் புது ட்ரைஃபர்கான் (மூன்று இடத்தில் பிடிக்கும்) டெர்மினல்கள் கிரிம்ப் செய்யுங்கள். சோலனாய்டு போர்டின் ஹெடர் பின்களை மறுபடி சால்டர் பண்ணுங்கள், அங்கே மோதிரம் போல வெடிப்பு இருக்கும், கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும்.

புது போர்டைச் செருகும் முன் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும்) போர்டில் டிபி என்று குறித்த சோதனைப் புள்ளிகளில் அளந்துகொள்ளுங்கள். டிபி5இல் 43 வோல்ட், டிபி3இல் 12க்கு அருகில், டிபி1இல் ஐந்தரைக்கு அருகில். டிபி2இல் 230 வோல்ட் டிசி இருக்கும், அங்கே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அளக்க வேண்டும்.

---

சிலந்திப்பிடி

ஐயா சொன்னதில் பேட்டரியை வெட்டுவது, கழுவுவது இரண்டுக்கும் முழுச் சம்மதம். ஆனால் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு தேய்ப்பிலும் ட்ராக் மெலிகிறது. முதன்முறை சால்டர் பிடிப்பவர் அந்த போர்டில் பழகினால் பேட்கள் உரிந்து வரும். காரத்தை நிறுத்தி, உலர்த்தி, பையில் போட்டு பேக்பாக்ஸின் அடியில் வைத்துவிடலாம். இருபது வருடம் கழித்து நம்மைவிடக் கைத்தேர்ச்சி உள்ளவர் யாராவது எடுப்பார். அவருக்கு நாம் சுரண்டாத போர்டு கிடைக்கட்டும்.

---

பழையசால்டர்

அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் சாம்பல் ட்ராக்கின் மேல் ஒட்டியிருக்கும் காரத்தைக் கழுவி மட்டும் எடுக்க முடியாது என்பது நான் கண்ட அனுபவம். கழுவிப் பையில் போட்டதை ஐந்து வருடம் கழித்துத் திறந்தபோது சாக்கெட்டின் கீழே மறுபடி பூத்திருந்தது. சாக்கெட்டைக் கழற்றாமல் அடியில் கழுவ வழியில்லை.

கைப்பழக்கம் பற்றிச் சொன்னது சரி. முதல் பழக்கம் அந்த போர்டில் வேண்டாம். எறியப்போகும் பழைய விசிஆர் போர்டு ஒன்றில் நூறு கால் கழற்றிப் பழகிய பிறகு தொடுங்கள்.

---

எட்டாம்பந்து

பேட்டரியை வெட்டிவிட்டேன். சாக்கெட்டைக் கழற்றி, வினிகரில் கழுவியும் ஆயிற்று. தேய்ப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். விசிஆர் போர்டு ஒன்று கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது பலகை வந்தது. நாற்பதுகால் அக்கா சொன்னபடி இரண்டு 6821, சாக்கெட்டில். ரீசெட் பிக்கோவின் கையில், வெளியே தனி வாட்ச்டாகும் (நிரல் நின்றால் ரீசெட் செய்யும் காவல் சர்க்யூட்) வைத்தேன். யுஎஸ்பி காத்திருப்பை நீக்கியாயிற்று. பேட்டரிக்குப் பதில் எஃப்ரேம் சிப், மின்சாரம் போனாலும் மறக்காத மெமரி. பிக்கோவின் ஃபிளாஷிலேயே ஸ்கோரை எழுதலாமே என்று முதலில் நினைத்தேன், ஆனால் ஃபிளாஷ் ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை அளவுக்குத்தான் அழித்து எழுதத் தாங்கும். ரோம் நிரல் 5101இல் எழுதிக்கொண்டே இருக்கிறது, சில நாள் ஆட்டத்திலேயே தேய்ந்துவிடும்.

சோலனாய்டு கனெக்டர் இல்லாமல், மேசையில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் கொடுத்துப் பார்த்தேன். எல்இடி முதலில் லேசாக மினுக்கி, பிறகு 6 முறை மின்னி நின்றுவிட்டது. பாலியில் 7 வர வேண்டும். ஏழாவது எங்கே போயிற்று என்று மூன்று இரவாக என் நிரலைக் கிளறுகிறேன்.

---

நாற்பதுகால்

நிரலைத் தொடாதீர்கள். ஆறு வந்ததே வெற்றி. ரோம், 6810, 5101 மெமரிகள், இரண்டு பிஐஏ, டிஸ்ப்ளே இன்டரப்ட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் ரோம் ஒவ்வொரு மின்னலும் கொடுக்கிறது. ஏழாவது ஜீரோ கிராஸிங். அது 43 வோல்ட் லைனிலிருந்து வருகிறது, மேசையில் அது இல்லை. அசல் போர்டை மேசையில் வைத்தாலும் ஆறோடுதான் நிற்கும்.

---

எட்டாம்பந்து

ஓடுகிறது.

1 ஆம்பியர் ஃபியூஸ், புதுக் காயில், புது டிரான்சிஸ்டர், புது டெர்மினல்கள். முதலில் சோலனாய்டு ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்தேன். நான்கு லைனும் உயர்வாக நிற்பதை அளந்தேன். பிக்கோவைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு மறுபடி ஆன் செய்து அளந்தேன், அப்போதும் உயர்வு. பிறகுதான் ஃபியூஸைப் போட்டேன். ஏழு மின்னல். ஏழாவது வந்ததும் பேக்பாக்ஸில் ஆரஞ்சு எண்கள் எழுந்தன. அந்தப் பழைய கேஸ் டிஸ்ப்ளேக்களின் நிறத்தை ஃபோட்டோவில் பிடிக்கவே முடியவில்லை.

ஒரு கோளாறு மிச்சம் இருந்தது, தீர்ந்துவிட்டதால் பதிந்து வைக்கிறேன். ஒவ்வொரு முறை ஸ்கோர் ஏறும்போதும் எல்லா விளக்கும் ஒரு கணம் நடுங்கின. காரணம் எஃப்ரேம். நிரல் 5101இல் எழுதும் ஒவ்வொரு முறையும் நான் 6800ஐ நிறுத்திவிட்டு ஐ2சி வழியாக எஃப்ரேமுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஜீரோ கிராஸிங் வந்துபோய்விடும், விளக்குகளைத் தாமதமாகத் தட்டும். இப்போது 5101இன் நகல் ஒன்றைப் பிக்கோவின் மெமரியில் வைத்துக்கொண்டு, எஃப்ரேமுக்கு எழுதும் வேலையை இரண்டாவது கோரிடம் கொடுத்துவிட்டேன். நடுக்கம் போயிற்று.

நேற்று இரவு நான்கு பேர் ஆடினோம். பந்து பந்தாக ஆள் மாற மாற, அவரவர் எடுத்த எண்களின் விளக்கு சரியாகத் திரும்பி வந்தது. சைம்கள் எல்லாம் ஒலித்தன. புதுக் காயில் போட்ட பட்டை மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கிறது.

---

பழையசால்டர்

பிளஞ்சரின் முனையில் இருக்கும் நைலான் முள் தேய்ந்திருக்கும், அல்லது பட்டையைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கும். எல்லாச் சைமிலும் ஒன்றாக மாற்றுங்கள், சத்தம் சேர்ந்துவிடும். மனம் நிறைந்தது தம்பி.

---

முதல்பந்து

அண்ணா, வரைபடமும் நிரலும் பகிர்வீர்களா? எயிட் பால் ஒன்று பக்கத்து ஊரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. போர்டு செத்தது என்பதால் விலை குறைவு.

---

எட்டாம்பந்து

வரைபடம், போர்டு கோப்பு, பிக்கோ நிரல் எல்லாவற்றையும் போடுகிறேன். ரோம் நிரலை மட்டும் சேர்க்க மாட்டேன், அது என்னுடையதல்ல. உங்கள் மெஷினின் சிப்பிலிருந்து நீங்களே படித்துக்கொள்ளலாம், எப்படி என்று எழுதித் தருகிறேன். போர்டின் மேலேயே அச்சில் "முதலில் சோலனாய்டு ஃபியூஸைப் பார், 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ" என்று பெரிதாகப் போட்டிருக்கிறேன். வாங்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் எடுத்துச் செல்லுங்கள், காயில்களை ஆஃப் நிலையிலேயே அளந்துவிடலாம்.

---

நாற்பதுகால்

தம்பி, நீங்கள் போட்ட படத்தில் ஒன்று கண்ணில் பட்டது. ஜே2, ஜே3, ஜே4 மூன்று ஹெடரிலும் எல்லாக் கால்களும் இருக்கின்றன. அசலில் ஒவ்வொன்றிலும் ஒரு கால் வெட்டப்பட்டிருக்கும், கனெக்டரில் அந்த இடத்தில் கீ அடைப்பு இருக்கும். மாற்றியோ ஒரு கால் தள்ளியோ செருகாமல் இருக்கத்தான் அது. ஜே4இல் 43 வோல்ட் வருகிறது. இருட்டில் ஒரு கால் தள்ளிச் செருகினால் நேராக லாஜிக்குக்குள் போகும். நீங்கள் கவனமாகச் செருகியிருப்பீர்கள், ஆனால் கோப்பை எடுக்கிற எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று வைக்க முடியாது.

---

எட்டாம்பந்து

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. ஹவுசிங் பக்கப் பழைய கனெக்டர்களில் கீ இருந்தது. புது டெர்மினல் போட்டபோது நான்தான் அதை மாற்றாமல் விட்டிருக்கிறேன். கீ இருக்கும் துளைகளைக் கோப்பிலிருந்தே எடுத்துவிடுகிறேன், அந்த இடத்தில் பின் போடவே முடியாது. அசல் போர்டை வைத்து ஒவ்வொரு கனெக்டரிலும் எந்த இடம் என்று ஒப்பிட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை புதுக் கோப்பைப் போடுகிறேன். முதல்பந்து, அதுவரை இப்போதிருக்கும் படத்தை வைத்து எதையும் ஆர்டர் செய்ய வேண்டாம்.